ஒட்டகத்தைக் கட்டாத தவக்குல்

ஒவ்வொரு டிசம்பர் 26ஆம் திகதியும் எங்கள் கரையோரப் பள்ளிவாசல்களில் துஆ ஓதப்படுகிறது. எல்லோரும் கண் கலங்குகிறோம். கலையும்போது யாராவது சொல்வார்: "எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம். நாம் என்ன செய்ய முடியும்?" முதல் வாக்கியம் என் ஈமான். இரண்டாவதோடுதான் எனக்கு வழக்கு.

2004இல் அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி அதிர்ந்து ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்களில் மருதமுனையும் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் அள்ளுண்டன. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மௌத்தாகினர். முதல் அலைக்குத் தப்பிய என் மாமி, பேரப்பிள்ளையின் பால்மா டின்னை எடுக்கத் திரும்பிப் போனார். இரண்டாவது அலை அவரைத் திருப்பித் தரவில்லை. மூன்றாம் நாள் ஒரு மௌலவி, இது பாவிகளுக்கு வந்த தண்டனை என்றார். பால்மா எடுக்கப் போனதா பாவம் என்று கேட்க அன்று எனக்கு நா எழவில்லை. இன்று கேட்கிறேன்.

தவக்குல் என்பது கைகட்டி நிற்பதல்ல. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு வந்தவரிடம், கட்டிவிட்டு நம்பிக்கை வை என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். ஹிஜ்ரத்தின்போது பாலைவழி காட்ட, இஸ்லாத்தை ஏற்றிராத ஒருவரைக் கூலிக்கு அமர்த்திக்கொண்டார்கள். குகைவாசல்வரை எதிரிகள் வந்து, மனிதன் செய்யக்கூடியது எதுவும் மிஞ்சாத வேளையில்தான் அல்லாஹ் நம்மோடு இருக்கிறான் என்று தோழருக்கு ஆறுதல் சொன்னார்கள். கொள்ளைநோய் பரவிய ஷாம் தேசத்தின் எல்லையிலிருந்து திரும்பிய உமர் (ரழி) அவர்கள், கத்ரை விட்டு ஓடுகிறீரா என்ற கேள்விக்கு, ஒரு கத்ரிலிருந்து இன்னொரு கத்ருக்கே போவதாகப் பதிலளித்தார்கள்.

அதற்காக, மனித அறிவே போதும் என்போர் பக்கமும் நான் இல்லை. அன்று ஹவாயிலிருந்த எச்சரிக்கை நிலையம் சுமார் கால் மணி நேரத்தில் அதிர்வை அறிந்தது. ஆனால் அதன் அளவை முதலில் 8.0 என்றே கணித்தது. உண்மையில் அது 9.1. இந்து சமுத்திரக் கரைகளுக்குச் சேதி சொல்ல ஓர் ஒழுங்கும் அன்று இருக்கவில்லை. நம் அறிவின் நீளம் அவ்வளவுதான். அந்த அறிவும் அவன் தந்த அமானிதம். அமானிதத்தைப் புதைத்து வைத்துவிட்டு உடையவனை நம்புகிறேன் என்பது நம்பிக்கையாகுமா?

அதிர்வு மையத்துக்கு மிக அருகிலிருந்த சிமுலுவே தீவைப் பாருங்கள். அவர்களும் முஸ்லிம்களே. சுமார் 78,000 பேரில் ஏழு பேர்தான் இறந்ததாகக் கணக்கு. 1907இல் கண்ட பேரலையை அவர்கள் 'ஸ்மோங்' என்ற சொல்லாக்கிப் பாட்டிலும் கதையிலும் பேரப்பிள்ளைகளுக்கு ஊட்டி வந்தார்கள். நிலம் குலுங்கி, கடல் வற்றினால் மேட்டுக்கு ஓடு என்பதே அதன் சாரம். அவர்கள் ஓடினார்கள். அது ஈமான் குறைவா?

நம் கரை வேறு. நில அதிர்வு நமக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. ஓடி ஏற மலையும் அருகில் இல்லை. ஆகவே அவர்களின் பாட்டு அப்படியே நமக்கு உதவாது. ஆனால் வயலிலும் தொட்டிலிலும் கவி பாடிய கிழக்கிலங்கை முஸ்லிம்கள் நாம். கடற்கோளுக்குப் பின் இரங்கற் கவிதைகளால் சஞ்சிகைகளை நிரப்பினோம். நானும் மூன்று எழுதினேன். கடல் குணம் மாறினால் கரையை விடு, முதல் அலை போனதும் திரும்பி வராதே என்று பிள்ளைக்குச் சொல்லும் ஒரு தாலாட்டை நான் எழுதவில்லை.

2012 ஏப்ரல் 11இல் மீண்டும் எச்சரிக்கை வந்தபோது கரையோர மக்கள் உள்ளூருக்கு ஓடினார்கள். திக்ரு செய்தபடியே ஓடினார்கள். அலை வரவில்லை. அல்ஹம்துலில்லாஹ். நாவில் திக்ரும் காலில் ஓட்டமும் ஒன்றாக இருந்த அந்தப் பின்னேரமே நான் கண்ட தவக்குல்.

எழுத்தாளச் சகோதரர்களே, அந்தத் தாலாட்டு இன்னும் எழுதப்படாமல் கிடக்கிறது. பேனாவை எடுத்துவிட்டு, பிறகு துஆவுக்குக் கையேந்துவோம்.