விசர் கொன்றதா, நாங்கள் கொன்றோமா?

போன மாதம் ஒரு செத்தவீட்டுக்குப் போய்வந்தேன். ஈஸ்ட்ஹாமில் கால் நூற்றாண்டுக்கு முந்தி என்னோடு ஒரே அறையில் இருந்த அண்ணை. வயது 54.

ரீயை உறிஞ்சிக்கொண்டு ஒரு பெரியவர் சொன்னார்: "விசர்க்காரன் தானே தம்பி. அவனுக்கும் நிம்மதி, சகோதரத்துக்கும் நிம்மதி." பக்கத்தில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. செத்தவீட்டில் சண்டை பிடிக்கக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அதை இங்கே எழுதுகிறேன்.

ஐயா, அவர் விசரால் சாகவில்லை. மாரடைப்பால் செத்தார். அவருக்குச் சலரோகம் இருந்ததே அவசரப் பிரிவுக்கு ஏற்றிக்கொண்டு போன அன்றுதான் தெரியவந்தது.

2000ஆம் ஆண்டு. ஒரு வீட்டில் எட்டுப் பேர். அண்ணை இரவிரவாக ஆரோடோ கதைக்கத் தொடங்கினார். "ஆமி கதவடியிலை நிக்கிறான்" என்று எங்களை எழுப்புவார். நாங்கள் என்ன செய்தோம்? கோயிலில் நூல் கட்டினோம். ஊருக்கு ரெலிபோன் எடுத்துச் சாத்திரம் கேட்டோம். "வெளியிலை கதைக்காதேங்கோ, கேஸ் பழுதாப்போகும்" என்று ஒருவர் புத்தி சொன்னார். ஹரோவில் இருந்த அவருடைய தமக்கைக்குக்கூட மறைத்தோம். ஏழு மாதத்துக்குப் பிறகு, விடியப்புறம் நடுரோட்டில் வெறுங்காலோடு நின்றவரைப் பொலிஸ் ஏற்றிக்கொண்டு போனது.

அவரை வைத்தியத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது பொலிஸ். நாங்கள் இல்லை.

இன்றைக்கும் இதுதான் நடக்கிறது. ஜீபியிடம் பதிய விசாவும் காட்டத் தேவையில்லை, விலாசத்துக்கு அத்தாட்சியும் கட்டாயமில்லை. மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. 1983ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி, தமக்கை போன்ற நெருங்கிய உறவினர் கேட்டால், ஆளைப் பரிசோதித்துச் சேர்க்க வேண்டுமா என்று கவுன்சில் பார்த்தே ஆகவேண்டும். சேர்ப்பதில்லை என்றால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். எங்கள் சனத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்? 'செக்சன்' என்ற சொல்லை மட்டும் மறியல்வீடு மாதிரி எல்லாருக்கும் தெரியும்.

2001 ஆகஸ்டில் தமிழ்நாட்டு ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் நெருப்பில் கருகிச் செத்தார்கள். அதைக் கேட்டு நாங்கள் "என்ன சனமப்பா" என்று உச்சுக்கொட்டினோம். லண்டனில் எங்களிடம் சங்கிலி இல்லைத்தான். மேல்மாடி அறை இருக்கிறது. விருந்தினர் வந்தால் "அவர் நித்திரை" என்ற பொய் இருக்கிறது.

சரி, ஒருமாதிரி வைத்தியம் கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு? அங்கேதான் அடுத்த கொடுமை.

கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 15 முதல் 20 வருடம் முந்திச் சாகிறார்கள் என்று இங்கிலாந்தின் என்.எச்.எஸ். தானே சொல்கிறது. பெரும்பாலும் இருதயம், சுவாசப்பை, சலரோகம் போன்ற தடுக்கக்கூடிய வருத்தங்கள். மனநோய் மருந்துகள் சில உடம்பை ஊதவைக்கும், சீனியைக் கூட்டும். அதனால்தான் வருசத்துக்கு ஒருக்கா ஜீபியிடம் இவர்களுக்கென்று பரிசோதனை இருக்கிறது: பிரஷர், எடை, சீனி, கொழுப்பு, புகை, குடி. ஆறே ஆறு விசயம். நெஞ்சு வலிக்கிறது என்று இவர்கள் சொன்னாலும் "அது அவற்றை வருத்தம்" என்று எல்லாரும் கடந்துபோவதால், இது இன்னும் முக்கியம்.

அண்ணைக்கும் கடிதம் வந்ததாம். ஆங்கிலத்தில். அவர் கதவுக்குப் பின்னால் குவித்து வைத்திருந்தார். ஆள் வரவில்லை என்று எழுதிவைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார்கள். குரல் கேட்டுப் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிற மனிசன், இங்கிலிஸ் கடிதத்தை வாசித்து, பஸ் பிடித்து, ஒன்பதரைக்கு வந்து நிற்பார் என்று எதிர்பார்க்கிற சேவைக்கு என்ன பெயர் வைக்க? வராதவனைத் தேடிப் போகாத வைத்தியம், வரக்கூடியவனுக்கு மட்டுமான வைத்தியம்.

ஆனால் அந்தக் கடிதக் குவியலை நானும் கண்டேன். மூன்று வருசத்துக்கு முந்திப் போனபோது, ஒரு மணித்தியாலத்தில் இரண்டு பெரிய கோலாப் போத்தலைக் குடித்து முடித்தார். "என்ன அண்ணை, கடலையும் குடிப்பியள் போலை" என்று பகிடி விட்டேன். அவரும் சிரித்தார். அடங்காத தாகம் சலரோகத்தின் அறிகுறி என்று தெரியாதவன் இல்லை நான். என்ரை அம்மாவுக்கும் அதுதான். அம்மாவாக இருந்திருந்தால் அடுத்தநாளே கொண்டுபோயிருப்பேன். அண்ணை விசர்க்காரன், அதனால் அது விசர்க்குணம்.

ஊரில் பகிடிக்கு "மந்திகைக்கு அனுப்பவேணும்", "அங்கொடைக்கு அனுப்பவேணும்" என்போம். அந்த வாயை இங்கேயும் கொண்டுவந்துவிட்டோம்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து அறையிலோ அப்படி ஒருவர் இருந்தால், நாளைக்கே அந்தக் கடிதங்களை உடைத்துப் பாருங்கள். ஜீபிக்குப் போன் எடுத்து, "வருசப் பரிசோதனை செய்ததோ" என்று கேளுங்கள். கூட்டிக்கொண்டு போங்கள். செத்தவீட்டுக்கு வாற நேரம்கூட அதுக்குச் செல்லாது.