ஒட்டும் டயர் ஓட்டக் கற்றுத்தராது

சொந்தக் காரைப் பந்தயத் தளத்தில் ஓட்டிப்பார்க்கும் டிராக் டேவுக்கு முதன்முறையாகக் காரை எடுத்துப்போகிறவரின் காதில் முதலில் விழும் அறிவுரை, "நல்ல டயர் போட்டுக்கோங்க" என்பதுதான். நல்ல டயர் என்று அவர்கள் சொல்வது செமி-ஸ்லிக்கை. பட்டன் குறைவு, ரப்பர் மென்மை, சூடேறினால் தார்ப்பரப்பை இறுகப் பற்றும். அதைப் போட்டால் வேகம் கூடும், பாதுகாப்பு கூடும், சாலை டயர் வீணாகாது என்று மூன்று காரணம் காட்டுகிறார்கள். இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலோ, கோவை செட்டிப்பாளையத்தின் கரி ஸ்பீட்வேயிலோ ஓட்டத் தொடங்கும் ஒருவருக்கு இந்த மூன்றில் ஒன்றுகூடப் பொருந்தாது.

வேகத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். வளைவில் கார் தாங்கக்கூடிய வேகத்தின் வர்க்கம், டயரின் பிடிமானத்தையும் கார் செல்லும் பாதையின் ஆரத்தையும் பெருக்கினால் வருவதற்கு நேர்விகிதத்தில் இருக்கும். பிடிமானத்தைக் காசு கொடுத்துத்தான் கூட்ட முடியும். ஆரத்தை ஓட்டுநரே கூட்டிக்கொள்ளலாம். 90 பாகை திரும்பும் ஒரு சமதள வளைவின் நடுக்கோட்டு ஆரம் 50 மீட்டர், கார் பயன்படுத்தக்கூடிய அகலம் 8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பிடிமானக் கெழு 0.9 உள்ள சாலை டயரில் நடுக்கோட்டிலேயே போனால் மணிக்குச் சுமார் 75 கி.மீ. தாங்கும். கெழு 1.1 உள்ள செமி-ஸ்லிக் போட்டால் அது 83 ஆகும். பழைய சாலை டயரிலேயே வெளி விளிம்பில் தொடங்கி, உள்விளிம்பைத் தொட்டு, மீண்டும் வெளிவிளிம்புக்குப் போனால் பாதையின் ஆரம் 73 மீட்டராக விரிகிறது. வேகம் 91-ஐத் தொடுகிறது. இரண்டும் சேர்ந்தால் இன்னும் வேகம்தானே என்று கேட்கலாம். சேரும், ஆனால் இந்தப் பாதை, அதாவது கோடு, பிடிபட்ட பிறகுதான். தவறான கோட்டில் நுழைந்தவரையும் செமி-ஸ்லிக் 83-இல் கரைசேர்த்துவிடுவதால், தவறு நடந்ததே அவருக்குத் தெரியாமல் போகிறது.

கூடுதல் பிடிமானம் கூடுதல் பாதுகாப்பு என்ற வாதம்தான் அதிகம் நம்பப்படுவது. அதிகம் கெடுதல் செய்வதும் அதுவே. எந்த டயருக்கும் எல்லை உண்டு, புதியவர் அதைத் தாண்டத்தான் செய்வார். எந்த வேகத்தில் தாண்டுகிறார், தாண்டுமுன் அவருக்கு எச்சரிக்கை கிடைக்கிறதா என்பதே கேள்வி. மேலே சொன்ன கணக்கின்படி, செமி-ஸ்லிக்கில் பிடி விடும்போது கார் சுமக்கும் இயக்க ஆற்றல் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதிகம். சாலை டயர் எல்லையை நெருங்கும்போது கீச்சிடும், ஸ்டீயரிங் இலேசாகும், மெல்லத்தான் வழுக்கும். பந்தய ரப்பர் அவ்வளவு பேசாது, விடும்போது சட்டென்று விடும். வளைவின் நடுவில் பயந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுப்பது புதியவர்கள் எல்லோரும் செய்வது. எடை முன்சக்கரங்களுக்குத் தாவ, பின்பக்கம் இலேசாகி வெளியே வீசும். அந்தப் பாடத்தைக் குறைந்த வேகத்தில் படிப்பதே நல்லது. தவிர, செமி-ஸ்லிக் சூடேறும்வரை சரியாகப் பிடிக்காது, ஐப்பசி மழையில் நீரை ஒதுக்க அதில் போதிய பட்டனும் இல்லை. பிடி கூடக் கூட பிரேக்கிலும் சூடு கூடும். கம்பெனி பேடும் பழைய பிரேக் ஆயிலும் அதைத் தாங்குவதற்கில்லை.

பந்தயத்தில் எல்லோரும் ஸ்லிக் போடுகிறார்களே என்பார்கள். பந்தய ஓட்டுநர்களைப் பயிற்றுவிக்கும் படிக்கட்டைப் பாருங்கள். 1967-இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஃபார்முலா ஃபோர்டில் இறக்கைக்கும் ஸ்லிக்குக்கும் இடமே இருக்கவில்லை. ஐர்ட்டன் சென்னா 1981-இல் பந்தயக் கார் ஓட்டத் தொடங்கியது அந்த வகுப்பில்தான். சாலைக் காரிலும் இதே கதைதான்: 2012-இல் டொயோட்டா ஜிடி86 வந்தபோது, ஓட்டும் சுவைக்காகவே செய்த அந்தக் காருக்கு 215 மி.மீ. அகலமே உள்ள, சிக்கனத்தை முன்னிறுத்தும் சாலை டயரையே வேண்டுமென்று பொருத்தினார்கள்.

மிச்சமிருப்பது செலவு. சாலை டயர் ஒரே நாளில் ஓரம் கிழிந்துபோகும் என்பது பாதி உண்மை. அப்படிக் கிழிய வைப்பது பெரும்பாலும் காற்றழுத்தமும், வளைவுக்குள் வேகமாக நுழைந்து ஸ்டீயரிங்கை மேலும் மேலும் ஒடிக்கும் பழக்கமும்தான். காலையில் 30 பாகை செல்சியஸில் 32 பிஎஸ்ஐ வைத்த டயர், 80 பாகைக்குச் சூடேறினால் ஏறத்தாழ 40-ஐத் தொடும். நைட்ரஜன் நிரப்பினாலும் இந்த ஏற்றம் அநேகமாக இதேதான். காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தானே. ஆகவே டிராக்குக்கு என்று காலையிலேயே காற்றைக் கூட்டிவிடக் கூடாது. ஓட்டி முடித்து உள்ளே வந்ததும், டயர் ஆறுமுன் நாலையும் அளந்து, ஏறியதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். டயரின் தோளில் குறுக்கே சாக்பீஸ் கோடு போட்டு அனுப்பினால் இன்னும் தெளிவு: கோடு பக்கச்சுவர்வரை அழிந்திருந்தால் காற்று போதவில்லை, பட்டனின் ஓரத்திலேயே அழியாமல் நின்றால் அதிகம். கடைசிச் சுற்றை முடிந்தவரை பிரேக் போடாமல் மெதுவாக ஓட்டி பிரேக்கை ஆறவிட வேண்டும், நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக்கை இழுக்கக் கூடாது. ஆறிய டயரில் அழுத்தம் குறைந்திருக்கும் என்பதால் வீட்டுக்குக் கிளம்புமுன் மறுபடி காற்று பிடிக்க வேண்டும். இத்தனையும் செய்து, ஒரே கோட்டில் ஒரே இடத்தில் பிரேக் போட்டுச் சுற்றுக்குச் சுற்று மாறாமல் ஓட்டி, நாலு டயரும் சீராகத் தேய்கிறது என்றால், செமி-ஸ்லிக்குக்குக் காசு எடுத்துவைக்கலாம்.