ஒற்றைத் தலைவலி ஒன்று அல்ல!

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்பார்கள். அது உண்மைதான். காய்ச்சலையாவது தொட்டுப் பார்க்கலாம். தலைவலியை எடுத்துக் காட்ட முடியாது. அதனால், தலைவலிக்காரர் சொல்வதைப் பலர் நம்புவதே இல்லை.

பாதித் தலை வலித்தால் "ஒற்றைத் தலைவலி" என்கிறோம். ஆனால், அந்த ஒரு பெயருக்குள் பல நோய்கள் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

அதிகம் பேருக்கு வருவது "மைக்ரேன்". ஏறக்குறைய 7 பேரில் ஒருவருக்கு இது உண்டு. குமட்டும். வெளிச்சம் கூசும். சத்தம் பிடிக்காது. நோயாளி இருட்டு அறையில் அசையாமல் படுத்துக் கொள்வார்.

ஆயிரத்தில் ஒருவர்

"கிளஸ்டர்" தலைவலி இதற்கு நேர்மாறு. இது வந்தவரால் படுத்திருக்க முடியாது. எழுந்து அங்கும் இங்கும் நடப்பார். சுவரில் தலையை முட்டிக் கொள்பவரும் உண்டு.

ஒரு கண்ணைச் சுற்றிக் கத்தியால் குத்துவது போல வலிக்கும். அந்தப் பக்கத்துக் கண் சிவந்து நீர் வடியும். மூக்கு அடைக்கும். இமை தொங்கும். வலி 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரை இருக்கும். ஒரே நாளில் 8 தடவைகூட வரலாம். பலரை நள்ளிரவில், தினமும் ஒரே நேரத்தில் எழுப்பி விடும்.

சில வாரம் இப்படி வாட்டும். பிறகு மாதக் கணக்கில் மறைந்து விடும். "ஒழிந்தது" என்று நினைத்திருக்கும்போது மறுபடி வரும்.

ஆயிரம் பேரில் சுமார் ஒருவருக்கு இது வருகிறது. 50 ஆயிரம் பேர் வாழும் ஊரில் 50 பேர் இருக்கலாம். ஆண்களே அதிகம்.

இன்னும் அபூர்வம்

இதைவிட அபூர்வமானவையும் உண்டு. ஒன்று, 2 நிமிடம் முதல் 30 நிமிடம் வரை வலித்து, ஒரே நாளில் பல தடவை வரும். நார்வே நாட்டு டாக்டர்கள் ஷோஸ்டாட், டாலே ஆகியோர் 1974-ம் ஆண்டில் இதைப் பற்றி எழுதினார்கள். மற்றொன்று, மாதக் கணக்கில் இரவும் பகலும் ஒரே பக்கத்தில் விடாமல் வலிக்கும்.

இந்த இரண்டும் "இண்டோமெதசின்" என்ற மருந்துக்கு முழுவதும் அடங்கி விடும். அந்த மருந்து வயிற்றைப் புண்ணாக்கக் கூடியது. ஆகவே, டாக்டர் சொல்லாமல் தொடக் கூடாது.

கிளஸ்டர் தலைவலிக்கு ஊசி மருந்து உண்டு. முகமூடி வழியாக ஆக்சிஜன் கொடுத்தாலும் பலருக்கு வலி தணிகிறது. சாதாரண மாத்திரை பயன் தராது. வலி வரும் காலத்தில் மது அதைக் கிளப்பி விடும்.

பல்லைப் பறி கொடுத்தவர்கள்

நோயின் பெயர் தெரியாததால் வருடக் கணக்கில் அவதிப்படுகிறவர்கள் பலர். "சைனஸ்" என்று நினைத்து மருந்து சாப்பிடுகிறார்கள். பல் வலி என்று நினைத்து நல்ல பல்லைப் பிடுங்கிக் கொண்டவர்களும் உண்டு.

இதைத் தவிர்க்க ஒரு நோட்டு போதும். எந்தப் பக்கம் வலித்தது, எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, கண் சிவந்ததா என்று எழுதி வையுங்கள். அதை நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். நோயைக் கண்டுபிடிக்க அது பெரிதும் உதவும்.

ஆனால், திடீரென்று என்றும் இல்லாத பயங்கர வலி வந்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, கை கால் மரத்தாலோ, பேச்சுக் குழறினாலோ, பார்வை மங்கினாலோ நோட்டைத் தேட வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நள்ளிரவில் வீட்டில் ஒருவர் தலையைப் பிடித்துக் கொண்டு நடந்தால், "வேஷம் போடுகிறார்" என்று சொல்லாதீர்கள். அவர் சொல்வதை நம்புங்கள். வைத்தியம் அங்கேதான் தொடங்குகிறது.