வள்ளி திருமணத்தின் விடியற்காலைக் கணக்கு

பங்குனி பிறந்துவிட்டால் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரக் கிராமங்களில் ஸ்பெஷல் நாடகம் களைகட்டும். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஹார்மோனியம், மிருதங்கம் என்று ஆளாளுக்குத் தனித்தனியாகப் பேசி முடிப்பார்கள். ஒத்திகை கிடையாது, பலர் அன்றிரவு மேடையில்தான் ஒன்று சேர்வார்கள். விடிய விடிய ‘வள்ளி திருமணம்’ நடக்கும். கதைக்கும் பாட்டுக்கும் தடம் போட்டுக் கொடுத்தவர் 1922-இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள். அவர் எழுத்து இன்று பொதுச்சொத்து, யாரும் எடுத்தாளலாம். ஆனால் நாரதரோடு வள்ளி செய்யும் தர்க்கமும், ஊர்ப் பெரியவர் பெயரை இழுத்து பபூன் அடிக்கும் நையாண்டியும் அந்த ஒரு இரவில் அந்தக் கலைஞர்கள் படைத்தவை. அதை ஒருவர் கேமராவில் பிடித்து யூடியூபில் ஏற்றுகிறார். விளம்பரம் ஓடினால் அந்த வருமானம் சேனல் வைத்திருப்பவருக்கு. நடித்தவருக்கு அன்றிரவுச் சம்பளத்தோடு சரி.

சட்டம் இதை அனுமதிக்கிறதா என்றால், இல்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துகலைஞர்களுக்குத் தனி உரிமை தருகிறது. அவர்கள் சம்மதமின்றிப் பதிவு செய்வதும் அதைப் பரப்புவதும் மீறல். அந்த உரிமை 50 ஆண்டுகள் நிலைக்கும். ஏட்டில் இவ்வளவு வலுவான உரிமை இருந்தும் அதைக் கேட்டு வாங்கும் கலைஞர் அரிது. அப்படியிருக்க, ‘சட்டத்தை இன்னும் கடுமையாக்குங்கள், கலைஞன் பிழைப்பான்’ என்ற குரல் மட்டும் ஓயவில்லை. இங்கே குறைவது கடுமை அல்ல என்பதே என் வாதம்.

கடுமை ஏற்கெனவே வேண்டிய அளவு இருக்கிறது. 63-ஆவது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை. அது பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கோர முடியாத குற்றம் என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் ‘நிட் புரோ’ வழக்கில் தீர்ப்பளித்தது. தமிழ்நாடு இன்னும் முந்திக்கொண்டது. திருட்டு விசிடிக்காரர்களை 2004-இலேயே குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2023-இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டமோ அபராதத்தை மூன்று லட்ச ரூபாயில் தொடங்கி, படத்தின் கணக்குத் தணிக்கை செய்யப்பட்ட தயாரிப்புச் செலவில் ஐந்து சதவீதம் வரை கொண்டுபோகிறது. அந்த அளவுகோலையே பாருங்கள். தணிக்கைக் கணக்கு வைத்திருக்கும் தயாரிப்பாளரை மனதில் வைத்து எழுதியது அது. தயாரிப்புச் செலவு என்று எழுதிவைக்க ஒரு வரிகூட இல்லாத பபூன் அந்தக் கணக்குக்குள் வரவே மாட்டார்.

கடுமை குறி தவறினால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு பார்த்துவிட்டது. 2012-இல் ‘3’ திரைப்படத்தைக் காக்க, பெயர் தெரியாத எதிராளிகள் மீது சென்னை உயர் நீதிமன்றம் தடை ஆணை வழங்கியது. அதைக் காரணம் காட்டி இணைய சேவை நிறுவனங்கள் விமியோ உட்படப் பல தளங்களை அடியோடு முடக்கின. விமியோ அப்போது குறும்படக்காரர்கள் தங்கள் படத்தைத் தாங்களே போட்டுக் காட்டிய இடம். முழுத் தளத்தையும் மூடக்கூடாது, குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே தடுக்கலாம் என்று நீதிமன்றம் ஜூன் மாதம் தெளிவுபடுத்திய பிறகே வழி திறந்தது. பெரிய படத்துக்குப் போட்ட வேலியில் மாட்டிக்கொண்டது சின்னப் படம். இப்போது அந்த வேலியை இயந்திரமே போடுகிறது. நாடகக்காரர்களே சொந்தமாகச் சேனல் தொடங்கினாலும், இடையில் ஒரு சினிமா மெட்டு வந்துவிட்டால் தானியங்கிச் சோதனை பிடித்துக்கொள்ளும். பல மணி நேரக் காணொளியின் வருமானம் ஆடியோ கம்பெனி பக்கம் திரும்பிவிடலாம். அதே காணொளியில் கலைஞருடைய தர்க்கத்தை அடையாளம் கண்டு அவருக்கு உரிமை சொல்ல எந்த இயந்திரமும் இல்லை. அந்தத் தர்க்கம் இன்னாருக்கு உரியது என்று தளத்தில் பதிந்து வைத்தவர் யாருமில்லையே.

மெட்டுப் போட்டவருக்குப் பங்கு வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும், சந்தேகமே இல்லை. அதைக் கொடுக்க வேண்டியவர் நிகழ்ச்சி நடத்துபவர், சம்பளத்துக்குப் பாடுகிறவர் அல்ல. அதிலும் உண்மையான சமயச் சடங்கில் பாடுவது 52-ஆவது பிரிவின்படி மீறல் ஆகாது. திருமணத்தையொட்டிய கொண்டாட்டங்களும் அதற்குள் வரும் என்று ஒன்றிய அரசு 2023 ஜூலையில் அறிவிப்பே வெளியிட்டது. மாரியம்மன் பொங்கல் இரவின் நாடகம் சடங்கா, கேளிக்கையா? இதற்குத் தெளிவான பதில் இல்லாதவரை, நோட்டீஸ் வந்தால் விழாக் கமிட்டி பயந்து பணம் கட்டும், அல்லது நாடகத்தையே விட்டுவிடும்.

திருட்டு சின்னக் கலைஞனையும்தானே அடிக்கிறது என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். நியாயம்தான். ஆனால் போலீஸ் படையும் வழக்கறிஞரும் யார் பின்னால் போவார்கள்? பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள் கதையே இதற்கு விடை. 2012 திருத்தம், தொழில்நுட்பப் பூட்டை உடைப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறை என்றது. அதனால் அவர்கள் நிலை மாறவில்லை. ராயல்டியில் உங்கள் பங்கை நீங்களே எழுதிக் கொடுத்தாலும் செல்லாது என்று அதே திருத்தம் சொன்னதே, அந்த இடம்தான் பேரத்தில் அவர்கள் கையைப் பலப்படுத்தியது.

நாடகக் கலைஞருக்கும் தேவை அந்த மாதிரிப் பலமும், செலவில்லாமல் முறையிட ஓர் இடமும். பிரிட்டனில் 10,000 பவுண்டு வரையிலான பதிப்புரிமைத் தகராறுகளுக்குச் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது. அமெரிக்காவில் 2022 முதல் 30,000 டாலர் வரையிலான கோரிக்கைகளை ஒரு தனி வாரியம் விசாரிக்கிறது. நாம் எதிர்த்திசையில் நடந்தோம். இருந்த பதிப்புரிமை வாரியத்தை 2017-இல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்தோடு இணைத்து, 2021-இல் அதையும் கலைத்தோம். கலைஞர் தான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்று 62-ஆவது பிரிவு சொல்வது உண்மை. மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கறிஞர் வைத்து வருடக்கணக்கில் நடப்பதற்கு நாடகச் சம்பளம் தாங்குமா என்பதை அந்தப் பிரிவு சொல்லவில்லை.

அப்படியொரு வாரியம் இங்கே வரும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடியதும் உண்டு. தேதி பேசி முன்பணம் வாங்கும் சீட்டிலேயே, வீடியோ எடுப்பதற்குத் தனிச் சம்மதமும் தனித் தொகையும் என்று ஒரு வரி சேர்க்கலாம். இதைக் கலைஞர் ஒருவர் மட்டும் கேட்டால் கமிட்டி வேறு ஆளைப் பிடிக்கும். மதுரையில் பல காலமாக இயங்கும் நாடக நடிகர் சங்கம் கேட்டால் அவ்வளவு எளிதில் தட்ட முடியாது. ஆளாளுக்குத் தனியாக ஒப்பந்தமாகும் தொழில் என்பதால், வரும் பணத்தில் ராஜபார்ட்டுக்கு எவ்வளவு, மிருதங்கத்துக்கு எவ்வளவு என்ற பங்கையும் சங்கமே முன்கூட்டி முடிவுசெய்ய வேண்டியிருக்கும்.