அரைக் குளிசைதானே!

சில மாதங்களுக்கு முன் களுபோவிலவில் உள்ள கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலையில் ஒரு காலைப்பொழுதைக் கழிக்க நேர்ந்தது. நோயாளி நான் அல்லேன். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் மாமி ஒருவருக்குத் துணையாகச் சென்றிருந்தேன். இருபது ஆண்டுகளாக அவரை வாட்டி வருவது ஒற்றைத் தலையிடி. வந்துவிட்டால் வெளிச்சம் ஆகாது, ஒலி ஆகாது, அடுத்த வீட்டுத் தாளிதத்தின் மணங்கூட வயிற்றைப் புரட்டும்.

மாமியின் கைப்பையில் ஒரு சிறு பெட்டி இருந்தது. லண்டனிலுள்ள மகன் வரும்போதெல்லாம் கொண்டுவரும் கோ-கோடமோல் குளிசைகள் அவை. குளிசை ஒன்றில் 500 மில்லிகிராம் பரசிட்டமோலும் 8 மில்லிகிராம் கோடீனும் உண்டு. கோடீன் என்பது அபினில் உள்ள ஒரு சரக்கு. மூன்று நாட்களுக்கு மேல் அருந்தலாகாது, அடிமையாக்கக்கூடும் என்று பெட்டியிலேயே அச்சிட்டிருந்தது. அதை வாசித்துக் காட்டினேன்.

"தம்பி, முதலில் அரைக் குளிசைதானே போட்டேன், அதில் என்ன வந்துவிடும்?" என்றார் மாமி. அரை ஒன்றாகி, ஒன்று இரண்டாகி, இப்போது கிழமையில் ஐந்து நாள் என்றாகியிருந்தது.

சிறிதளவுதானே என்னும் இந்தச் சமாதானம் மாமியோடு பிறந்ததன்று. கோடீனை அபினிலிருந்து 1832இல் பிரித்தெடுத்தார்கள். 1898இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் ஹெரோயினையே இருமல் மருந்தாகக் கடைக்குக் கொண்டுவந்தது. அது பழக்கத்தை உண்டாக்காது என்றும் அன்று நம்பினார்கள்! நம் நாட்டில் அபினையும் அதன் வகைகளையும் கட்டுப்படுத்தும் சட்டம் 1929இலேயே பிறந்துவிட்டது.

ஒற்றைத் தலையிடியில் இம்மருந்தின் சூழ்ச்சி வேறு விதமானது. உடலுக்குள் சென்ற கோடீனில் ஒரு பகுதியை ஈரல் மோர்பீனாக மாற்றுகிறது. சிலருடைய ஈரல் அதை மாற்றுவதேயில்லை. அவர்களுக்குப் பயன் இராது. வேறு சிலருக்கு மிகுதியாக மாறி, மயக்கமும் மூச்சுத் தளர்ச்சியும் நேரும். ஆனால் பெரிய தீங்கு இதுவன்று. அடிக்கடி அருந்துவதால் மூளை நோவுக்கு மேலும் கூர்மையடைகிறது. மருந்தின் வேகம் தணியும்போது இடி திரும்புகிறது. நோயாளியோ பழைய நோய்தான் என்றெண்ணி மறுபடியும் பெட்டியைத் திறக்கிறார். அளவைவிட நாட்கணக்கே இங்கு முக்கியம். கோடீன் கலந்த குளிசையை மாதத்தில் 10 நாட்களோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேலாக அருந்தினால், மருந்தே தலையிடிக்குக் காரணமாகலாம் என்பது வைத்திய உலகின் கணக்கு. தனிப் பரசிட்டமோலுக்கு அவ்வெல்லை 15 நாட்கள். வீட்டுக்கு வீடு பனடோல் வைத்திருக்கும் நாம் இதையும் அறிந்திருப்பது நல்லது.

இதைப் படித்துவிட்டு, மஹரகம வைத்தியசாலையில் புற்றுநோயின் வேதனைக்கு மோர்பீன் கொடுக்கப்படும் தம் உறவினரைக் குறித்து எவரும் அஞ்ச வேண்டாம். அங்கே அது பெருங்கருணை. அதனை மறுப்பதே கொடுமை.

வைத்தியர் மாமியைக் கடிந்துகொள்ளவில்லை. குளிசை போட்ட நாட்களை நாட்காட்டியில் குறிக்கச் சொன்னார். கோடீனை எப்படி விடுவதென்று நாள் வகுத்துக் கொடுத்தார். நெடுநாள் அருந்தியவர்கள் தாமாகவே திடீரென நிறுத்துவது ஆகாது. வருமுன் தடுக்க இரவில் 10 மில்லிகிராம் அமிற்றிப்ரிலின் எழுதினார். சிறிய அளவு பயன் தரும் இடம் இதுதான் போலும்! புரொப்பரனலோலும் இவ்வாறு தடுப்பதே. ஆனால் மாமிக்கு ஆஸ்துமா இருப்பதால் அது ஆகாது. பயனை அறிய ஆறு முதல் எட்டு வாரம் பொறுக்க வேண்டும் என்றார். இடியென ஒரு கணத்தில் தாக்கும் தலையிடி, காய்ச்சலுடன் கழுத்து விறைத்தல், கைகால் சோர்தல், பேச்சுக் குழறல் ஆகியவை கண்டால் மட்டும் ஒரு நிமிடமும் பொறுக்கலாகாது, உடனே வைத்தியசாலைக்கு வர வேண்டும் என்று அழுத்திச் சொன்னார்.

முதல் இரண்டு வாரமும் மாமிக்குப் பெரும் வேதனை. சன்னலுக்குப் போர்வை கட்டிப் படுத்திருந்தார். ஒருநாள் அந்தப் பெட்டியைத் தரும்படி மருமகளிடம் அழுதாராம். அவள் கொடுக்கவில்லை. மூன்றாம் மாத நாட்காட்டியை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். சிவப்புக் கோடுகள் ஏழு இருந்தன. முன்பு அவை இருபதுக்கு மேல்.

இம்முறை லண்டனிலிருந்து என்ன கொண்டுவரட்டும் என்று மகன் கேட்டிருக்கிறாராம். மாமி இன்னும் பதில் சொல்லவில்லை.