கம்பத்தின் மேல் ஒருவர்

"ஜெனரேட்டர் வாங்கிவிட்டேன். இனிமேல் புயல் வந்தால் வரட்டும்!" என்று கள்ளக்குறிச்சி சிநேகிதர் எழுதியிருந்தார்.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது விழுப்புரம், கள்ளக்குறிச்சி வட்டாரங்களில் கொட்டித் தீர்த்த மழையை யாரால் மறக்க முடியும்? மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர்! கல்வராயன் மலைப் பக்கமோ கேட்கவே வேண்டாம். காட்டு வழியே போகிற மின்கம்பியில் ஒரு மரம் சாய்ந்தால், அது எங்கே என்று தேடுவதற்குள் பொழுது போய்விடும்.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். எந்திரம் அழகாகத்தான் இருந்தது. "வீட்டோடு எப்படி இணைக்கிறீர்கள்?" என்று கேட்டேன். இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒரு வயரைப் பெருமையோடு காட்டினார். ஒரு முனை எந்திரத்தில்; மறுமுனை கூடத்துச் சுவரில்!

"மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தானே போடுவேன்?" என்றார்.

"ஆமாம், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வீடெல்லாம் தேடுகிறவர்தானே!" என்று உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

அந்த அம்மாள் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது, நேயர்களே. மெயினை அணைக்க மறந்தால், எந்திரத்தின் மின்சாரம் வீட்டோடு நிற்காது. தெருக் கம்பிக்கும் ஏறிவிடும். தெருவோரத்து டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டைக் குறைத்து நமக்குத் தருகிறது அல்லவா? எதிர்ப்பக்கமாகச் செலுத்தினால் அதே டிரான்ஸ்பார்மர் 230 வோல்ட்டை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்திவிடும். கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பி, கொட்டுகிற மழையில் கம்பத்தின் மேல் ஒருவர் ஏறியிருப்பார். நம் வீட்டுக்கு வெளிச்சம் தரத்தான் அவர் ஏறியிருக்கிறார்! அது மட்டுமா, சுவரிலிருந்து கழன்று விழுந்த பிளக்கைக் குழந்தை தொட்டால் என்ன ஆவது?

இதற்கு மாற்று 'சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச்'. கைப்பிடி ஒரு பக்கம் இருந்தால் வாரியத்து மின்சாரம், மறுபக்கம் தள்ளினால் எந்திரத்து மின்சாரம். இரண்டும் ஒருசேர வரவே வராது. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கொண்டு மாட்டி, எந்திரத்துக்கு எர்த்தும் போடச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், எந்திரத்துக்கு முன்பே ஸ்விட்சை வாங்கிவிட வேண்டும்.

இன்னொன்று, புகை. மழையில் நனையுமே என்று எந்திரத்தைத் தாழ்வாரத்தில் வைக்கிறார்கள். 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில், சாலையோரம் நின்ற காரவன் வண்டிக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து உள்ளே புகுந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை; தலைவலி, கிறக்கம், அப்புறம் தூக்கம். ஆகவே வீட்டிலிருந்து இருபது அடியாவது தள்ளி, ஜன்னல் இல்லாத பக்கமாக, நாலு புறமும் காற்றோடுகிற ஒரு கூரையின் கீழ் வையுங்கள். சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றாதீர்கள்.

கணக்கும் கொஞ்சம் வேண்டும். 9 வாட் பல்பு ஐந்து, 75 வாட் மின்விசிறி இரண்டு. ஆக 195 வாட். இதற்குச் சின்ன எந்திரமே தாராளம். ஆனால் ஒரு குதிரைசக்தி மோட்டார், கிளம்புகிற வேளையில் ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு இழுக்கும். எந்திரம் முனகி நின்றுவிடும். புயல் அறிவிப்பு வந்தவுடனே மேல்தொட்டியை நிரப்பி வைப்பது மலிவு.

சிநேகிதர் வீட்டில் இப்போது ஸ்விட்ச் மாட்டியாகிவிட்டது. அதன் பக்கத்தில் அந்த அம்மாள் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறாராம்: "முதலில் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளவும்."