காணிகளின் பங்கு

1987ம் வருஷம் டிஸம்பர் மாதம் அகஸ்தியர் மலையேறிய சாஸ்திரக்ஞர்கள் களைத்து நின்றார்கள். வழிகாட்டிச் சென்ற காணிகளோ ஏதோ சில காய்களைத் தின்றுகொண்டு களைப்பின்றி நடந்தார்கள். அக்காய் தரும் செடியே ஆரோக்கியப்பச்சை. பாலோடு தாவர ஆராய்ச்சி நிலையத்தார் அதனைக்கொண்டு 'ஜீவனி' என்னும் மருந்தைச் செய்து, தயாரிக்கும் உரிமையைக் கோயமுத்தூர்க் கம்பெனி ஒன்றுக்கு 10 லக்ஷம் ரூபாய்க்குக் கொடுத்தனர். அத்தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கென்று விதித்தது நியாயமே. 1997ல் அவர்களுக்கென ஒரு டிரஸ்டும் ஏற்பட்டது. ஆனால் இலை பறிப்பதற்கு வன இலாகாவார் ஆக்ஷேபித்தார்கள். பங்கு கிடைத்தது, காடு கிடைக்கவில்லை.

நமது திருநெல்வேலி, கன்யாகுமரி மலைகளிலும் காணிகள் வசிக்கின்றனர். அவர்களுடைய வைத்திய நூல் நாவிலிருக்கிறது, ஏட்டிலில்லை. 2023ல் திருத்தப்பட்ட உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டமோ, அங்கீகரிக்கப்பட்ட வைத்திய நூல்களில் ஏறிய அறிவை உபயோகிப்போர் பங்கு கொடுக்க வேண்டியதில்லை என்கிறது. காணி சொன்னதை நாளை வேறொருவர் அத்தகைய நூலில் ஏற்றிவிட்டால் காணியின் கதி என்ன? எழுதியவனுக்கு ஒரு நீதி, சொன்னவனுக்கு ஒரு நீதியா?

யார் எழுதினும் சொன்னவன் பங்கு சொன்னவனுக்கே என்று சட்டம் ஐயமறக் கூறவேண்டும். அது பிச்சையன்று, அவன் முன்னோர் வைத்த சொத்து. தேசாபிமானிகள் இதனைச் சட்டசபைகளில் வற்புறுத்துவார்களாக.